வயலில் சுழன்ற பந்து

2023 ஜூலை 9. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள மிர்பூர் மைதானம். இந்திய மகளிர் அணிக்கும் வங்கதேச மகளிர் அணிக்கும் இடையே இருபது ஓவர் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. நீலச் சட்டை அணிந்து முதன்முறையாக இந்தியாவுக்காகப் பந்து வீச வருகிறார் 24 வயதுப் பெண் ஒருவர். வலக்கை ஆஃப் ஸ்பின். முதல் மூன்று பந்துகள் போகின்றன. நான்காவது பந்தில் வங்கதேசத்தின் தொடக்க ஆட்டக்காரர் ஷமீமா சுல்தானா தூக்கி அடிக்க, ஜெமிமா ரோட்ரிக்ஸ் கையில் பந்து விழுகிறது. சர்வதேச ஆட்டத்தில் வீசிய முதல் ஓவரிலேயே விக்கெட்.

அந்தப் பெண்ணின் பெயர் மின்னு மணி. கேரள மாநிலம் வயநாடு மாவட்டம், மானந்தவாடி அருகே உள்ள சோயிமூலா என்ற சிற்றூர்க்காரர். குறிச்சியர் என்ற பழங்குடிச் சமூகத்தில் பிறந்தவர். தந்தை தினக்கூலித் தொழிலாளி. கேரளத்திலிருந்து இந்திய மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தேர்வான முதல் பெண் இவர்தான். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிரிக்கெட் ஆடிவரும் ஒரு மாநிலத்தில், அந்த முதல் இடம் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தச் செய்தி அன்றைய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. நாம் அதை இந்தப் பத்தியில் எழுதக் காரணம் இருக்கிறது.

பக்கத்து மலைக்காரர்

தலித் மக்களின் பிரச்சினைகளைப் பேசும் பத்தியில் பழங்குடிப் பெண்ணுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பட்டியல் சாதியும் பட்டியல் பழங்குடியும் ஒன்றல்ல. சட்டம் இரண்டையும் வேறு வேறாகவே வைத்திருக்கிறது. வரலாறும் வேறு, வாழ்முறையும் வேறு. ஆனால் விளையாட்டு மைதானத்தின் வாசல் என்று வந்துவிட்டால் இருவரும் நிற்கும் இடம் ஒன்றுதான். சேரிப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் அந்த வாசல் எப்போது திறக்கிறது, யார் திறந்து விடுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

இன்னொன்று, வயநாடு நமக்குத் தூர தேசம் அல்ல. இன்று நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் கூடலூர், பந்தலூர் பகுதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயநாட்டிலிருந்து பிரித்து இணைக்கப்பட்டவை. அங்கே இருக்கும் பணியர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் வரிசையிலும் 'குறிச்சன்' என்ற பெயர் உண்டு. நடுவே ஒரு சோதனைச் சாவடிதான் இருக்கிறது.

வள்ளியூர்க்காவு சொல்லும் கதை

மின்னு மணி எங்கிருந்து வந்தார் என்று புரிய வேண்டுமானால் அந்த மண்ணைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் பழங்குடியினர் பங்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. வயநாட்டில் மட்டும் அது 18.5 விழுக்காடு. பணியர், குறிச்சியர், குறுமர், அடியர், காட்டுநாயக்கர் என்று பல சமூகங்கள்.

மானந்தவாடிக்கு அருகில் ஆற்றங்கரையில் வள்ளியூர்க்காவு பகவதி கோயில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் பதினான்கு நாள் திருவிழா நடக்கும். அந்தத் திருவிழாவுக்குள் ஒரு மனிதச் சந்தையும் இருந்தது. நிலவுடைமையாளர்கள் வருவார்கள். 'நிப்புப் பணம்' என்று ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, பணியர், அடியர் குடும்பங்களை ஓர் ஆண்டு வேலைக்குப் பிணைத்துக்கொள்வார்கள். சாட்சிக்குத் தெய்வம். வாக்கை மீறினால் அம்மன் தண்டிப்பாள் என்ற அச்சமே ஒப்பந்தப் பத்திரம். வெள்ளையர் ஆட்சியில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும் இந்த வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதும் வந்தது 1976-இல்தான்.

குறிச்சியர்கள் இந்தச் சந்தையில் பிணைக்கப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் கூட்டுக் குடும்பமாக நிலம் வைத்து உழுதவர்கள். வில்வித்தையில் பெயர் பெற்றவர்கள். பழசி ராஜா ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டபோது அவருடைய படையில் முன்னே நின்றவர்கள். 1802 அக்டோபரில் பனமரம் கோட்டையைத் தாக்கிய தலக்கல் சந்து என்ற தளபதி குறிச்சியர்தான். பனமரத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. 1812-இல் ஆங்கிலேயரின் வரிக் கொடுமையை எதிர்த்துக் குறிச்சியரும் குறுமரும் சேர்ந்து கலகம் செய்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குறிச்சியர்களும் மற்றப் பழங்குடிகளிடம் தீட்டுப் பார்த்தவர்களே. பணியர் தொட்டால் குளிக்க வேண்டும் என்ற வழக்கம் அவர்களிடம் இருந்தது. சாதி என்ற ஏணி மலையில் ஏறும்போதும் தன் படிகளை விட்டுவிட்டு ஏறுவதில்லை. ஆனால் நிலம் கைமாறியது. வெளியிலிருந்து குடியேறியவர்களிடம் பழங்குடிகளின் நிலம் போனது. ஒரு காலத்தில் உழுத குடும்பங்கள் பல, கூலிக்குப் போகும் குடும்பங்களாயின. மின்னு மணியின் தந்தையும் அப்படிக் கூலிக்குப் போகிறவர்களில் ஒருவர்.

அறுவடை முடிந்த வயல்

வயநாடு என்பது 'வயல் நாடு' என்பதிலிருந்து வந்தது என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். மின்னு மணியின் கிரிக்கெட்டும் வயலில்தான் தொடங்கியது. பத்து வயதில் வீட்டுக்கு அருகிலிருந்த நெல்வயலில் பையன்களோடு ஆடத் தொடங்கினார். அறுவடைக்குப் பிறகு நெல்லின் தாள் குத்திக்கொண்டு நிற்கும் வயல் எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பந்து எழும்பி முகத்துக்கு வரும், அடுத்தது காலடியில் உருளும். அந்த ஆடுகளத்தில் ஆடிப் பழகியவருக்குக் கண்ணும் கையும் தானாகவே கூர்மையாகும்.

பத்து வயதுப் பெண் பிள்ளை பையன்களோடு ஆடினால் ஊர் பெரிதாக ஒன்றும் சொல்லாது. பதின்மூன்று, பதினான்கு ஆகும்போதுதான் பேச்சு வரும். மின்னு வீட்டிலும் தொடக்கத்தில் பெற்றோருக்கு இதில் விருப்பம் இல்லை. கிரிக்கெட் என்றால் ஆண்கள் ஆடுவது. அதில் ஒரு பெண்ணுக்குப் பிழைப்பு இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல அந்த ஊரில் எந்த எடுத்துக்காட்டும் இல்லை. கூலிவேலை செய்யும் பெற்றோரின் தயக்கத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஒரு நாள் பேருந்துச் செலவுகூட அந்த வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டிய தொகை.

எட்டாம் வகுப்புக்கு மானந்தவாடி அரசுப் பள்ளிக்குப் போனபோது வாசல் திறந்தது. அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியை இந்தப் பெண் பந்து எறிவதைப் பார்த்தார். மாவட்ட அளவில் நடந்த தேர்வுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து வயநாடு மாவட்ட அணி, பிறகு தொடுபுழாவில் கேரள கிரிக்கெட் சங்கம் பெண்களுக்காக நடத்திய பயிற்சி மையம் என்று படிப்படியாக வழி நீண்டது. பயிற்சி மையத்தில் தங்கவும் சாப்பிடவும் படிக்கவும் வசதி இருந்தது. கூலித் தொழிலாளியின் மகள் தொடர்ந்து ஆட முடிந்ததற்கு அந்த விடுதிதான் காரணம். பதினாறு வயதிலேயே கேரள மூத்தோர் அணியில் இடம் கிடைத்தது.

ஊரில் இருக்கும் நாட்களில் பயிற்சிக்குப் போக வேண்டிய இடம் கிருஷ்ணகிரி மைதானம். தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரி அல்ல, வயநாட்டில் மீனங்காடி அருகே மலைச்சரிவில் அமைந்த மைதானம். 2019 ஜனவரியில் கேரள ஆண்கள் அணி குஜராத்தை வீழ்த்தி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பை அரையிறுதிக்குப் போனது இந்த மைதானத்தில்தான். மின்னுவின் வீட்டிலிருந்து அங்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நேர்ப் பேருந்து கிடையாது. விடியும் முன் எழுந்து, வீட்டு வேலையில் அம்மாவுக்கு உதவிவிட்டு, பேருந்து மாறி மாறிப் போய்ப் பயிற்சி எடுத்து, மறுபடி பேருந்து மாறி மாறி வீடு திரும்புவார். வந்ததும் மறுநாளுக்கான ஆயத்தம்.

ஆஃப் ஸ்பின் என்பது என்ன?

கிரிக்கெட் ஆடாத வாசகர்களுக்காகச் சற்று விளக்கம். வேகப் பந்து வீச்சாளருக்கு வேகம்தான் ஆயுதம். சுழற்பந்து வீச்சாளர் வேகத்தை விட்டுக்கொடுத்து விடுகிறார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பந்தின் தையல்மேல் அகட்டிப் பிடித்து, கதவுக் குமிழைத் திருகுவது போலக் கடிகாரச் சுற்றில் திருகி விடுவார். அதுதான் ஆஃப் ஸ்பின். வலக்கை ஆட்டக்காரருக்கு அந்தப் பந்து வெளியே குத்தி உடலை நோக்கி உள்ளே வரும். இடக்கை ஆட்டக்காரருக்கு உள்ளே குத்தி வெளியே ஓடும்.

மெதுவாக வரும் பந்தைத் தூரமாக அடிக்க வேண்டுமானால் முழு விசையையும் ஆட்டக்காரரே தர வேண்டும். பந்து எதிர்பார்த்ததைவிட ஓர் அடி முன்னதாக விழுந்தால்கூட மட்டையின் ஓரத்தில் பட்டு மேலே எழும். எனவே நல்ல சுழற்பந்து வீச்சாளருக்குத் தோள் வலுவைவிடப் பொறுமைதான் தேவை. சிக்ஸர் வாங்கிய பிறகும் அடுத்த பந்தை உயர்த்தி வீசும் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சல் மின்னுவிடம் இருந்தது. முதல் போட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து, ஜூலை 11 அன்று அதே மைதானத்தில் இரண்டாவது போட்டி. இந்தியா எடுத்தது வெறும் 95 ரன். தோற்றுவிடும் நிலை. மின்னு மணி 4 ஓவர் வீசினார். ஓர் ஓவரில் ரன்னே இல்லை. மொத்தம் 9 ரன் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார். இருபது ஓவர் ஆட்டத்தில் 24 பந்துக்கு 9 ரன் என்பது ஆட்டக்காரர்களின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். வங்கதேசம் 87 ரன்னில் சுருண்டது. இந்தியா 8 ரன்னில் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் இந்தியா தோற்றாலும் மின்னு மேலும் 2 விக்கெட் எடுத்தார். முதல் தொடரில் மூன்று ஆட்டம், ஐந்து விக்கெட்.

மண்குவளையில் தேநீர் குடித்தவர்

சுழற்பந்து என்றதும் இந்தப் பத்தியின் வாசகர்கள் நினைக்க வேண்டிய இன்னொரு பெயர் பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சமார் சமூகத்தைச் சேர்ந்தவர். புனேயில் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் மாதம் மூன்று ரூபாய், நான்கு ரூபாய்க் கூலிக்குச் சேர்ந்தார். அங்கே ஆங்கிலேய அதிகாரிகள் பயிற்சி எடுக்கும்போது மணிக்கணக்கில் பந்து வீசினார். அப்படித்தான் இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் உருவானார்.

பந்து வீசச் சொன்னவர்கள் அவருக்கு மட்டையைக் கொடுக்கவில்லை. அன்றைய கணக்கில் மட்டை பிடிப்பது கனவான்களின் ஆட்டம், பந்து வீசுவது உழைப்பு. புனேயின் இந்து அணிக்கு அவருடைய பந்துவீச்சு தேவைப்பட்டபோது அணியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில் தேநீர். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்து அணியின் தலைவர் பதவி கடைசி வரை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923-இல் அந்தப் பதவியைப் பெற்றார். அதற்கே பெரும் போராட்டம் நடக்க வேண்டியிருந்தது.

பாலுவையும் மின்னுவையும் நாம் ஏன் சேர்த்துப் பார்க்கிறோம்? பாலுவின் திறமையை யாரும் மறுக்கவில்லை. அந்தத் திறமையை எடுத்துக்கொண்டார்கள். மரியாதையைத்தான் தரவில்லை. ஆக, திறமை இருந்தால் சாதி தானாக விலகிவிடும் என்பது உண்மையல்ல. எந்த இடத்தில் நின்று ஆடுகிறோம், யார் தேர்வு செய்கிறார்கள், யார் தலைவர் ஆகிறார் என்பவையும் சேர்ந்துதான் ஒரு விளையாட்டு நேர்மையானதா என்று தீர்மானிக்கின்றன.

தலைவரானார், காத்திருக்கவும் வைக்கப்பட்டார்

அந்த அளவுகோலில் மின்னுவின் வாழ்க்கையைப் பார்ப்போம். 2023 பிப்ரவரியில் மகளிர் பிரீமியர் லீக் முதன்முறையாக ஏலம் நடத்தியது. அடிப்படை விலை 10 லட்சம் ரூபாயில் இருந்த மின்னுவை டெல்லி கேப்பிட்டல்ஸ் அணி 30 லட்சத்துக்கு எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சர்வதேச ஆட்டக் கட்டணம் ஒன்றே என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவித்திருந்தது. ஓர் இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம். மின்னு பிறந்த தலைமுறைக்கு முந்தைய பெண்கள் கைக்காசைப் போட்டு, முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் போய் நாட்டுக்காக ஆடியவர்கள். காலம் சரியாக அமைந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலம் வரும்வரை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது இவர்தான்.

2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டு இறுதியில் இங்கிலாந்து 'ஏ' அணிக்கு எதிராக மும்பையில் ஆடிய இந்திய 'ஏ' அணிக்குத் தலைவரானார். 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா போன இந்திய 'ஏ' அணிக்கும் அவரே தலைவர். பல்வங்கர் பாலுவுக்கு மறுக்கப்பட்ட பதவி, நூறு ஆண்டு கழித்து ஒரு மலைவாழ் பெண்ணுக்குக் கேட்காமலே கிடைத்தது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை.

அந்தப் பயணம் எளிதாக இல்லை. மூன்று இருபது ஓவர் ஆட்டத்திலும் தோல்வி. நான்கு நாள் ஆட்டத்தில் மின்னு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். அப்படியும் அணி 45 ரன்னில் தோற்றது. தன் வேலையை முழுதாகச் செய்தும் தோற்ற ஆட்டம் அது. விளையாட்டில் இதுவும் உண்டு.

2024 டிசம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டத்தில் களம் இறங்கினார். ஆஸ்திரேலியா 371 ரன் குவித்தது. இந்தியாவின் விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருந்தபோது கீழ்வரிசையில் வந்த மின்னு, 45 பந்தில் ஆட்டமிழக்காமல் 46 ரன் எடுத்தார். அணி 122 ரன்னில் தோற்றது. ஆனால் பந்து வீச வந்தவர் மட்டை பிடித்து ஒரு முனையைக் கடைசி வரை காத்து நின்றதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பாலுவின் கையில் கொடுக்கப்படாத மட்டை அது.

2025 பிப்ரவரியில் பிரீமியர் லீக்கில் மும்பை இந்தியன்ஸ் அணிக்கு எதிராக 17 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியா சென்ற இந்திய 'ஏ' அணிக்குத் துணைத் தலைவர். தலைவர் ராதா யாதவ். அவரும் சுழற்பந்து வீச்சாளர். அவருடைய தந்தை மும்பையில் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். காய்கறிக் கடைக்காரரின் மகளும் கூலித் தொழிலாளியின் மகளும் தலைமை தாங்கிய அந்த அணி, ஒருநாள் தொடரை 2-1 என்று வென்று திரும்பியது.

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்திய மகளிர் முதன்முறையாக ஒருநாள் உலகக் கோப்பையை வென்றபோது மின்னு மணி அந்த அணியில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். நாடே கொண்டாடிய இரவில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. தீப்தி சர்மா, சினே ராணா என்று அனுபவம் மிக்க ஆஃப் ஸ்பின்னர்கள் அணியில் இருக்கும்போது அதே வகைப் பந்துவீச்சாளருக்கு வாய்ப்புக் குறைவு என்பது விளையாட்டுக் கணக்கு. அதில் சாதியைத் தேட வேண்டியதில்லை. மின்னுவின் கதை இன்னும் முடியவில்லை என்பது மட்டும் உறுதி.

எது அவரைக் கொண்டுவந்தது?

இப்படிப்பட்ட வெற்றிக் கதைகளைச் சொல்லும்போது 'உழைத்தால் உயரலாம்' என்று முடித்துவிடுவது வழக்கம். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. மின்னுவின் அப்பாவும் வாழ்நாள் முழுக்க உழைத்தவர்தான். வள்ளியூர்க்காவில் பிணைக்கப்பட்ட பணியர்களைவிடக் கடுமையாக உழைத்தவர்கள் யார் இருக்கிறார்கள்? உழைப்பு வேண்டும். அதோடு வேறு சிலவும் வேண்டும்.

மின்னுவுக்கு அவை கிடைத்தன. ஆடுவதற்கு ஒரு வெற்று வயல். அரசுப் பள்ளி. அந்தப் பள்ளியில் கண் உள்ள ஓர் உடற்கல்வி ஆசிரியை. சோறு போட்டுப் படிக்கவும் வைத்த பயிற்சி விடுதி. போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு மைதானம். அங்கே கொண்டு சேர்க்கும் அரசுப் பேருந்து. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் 2023 ஜூலை 9 அன்று மிர்பூரில் வேறு யாரோ பந்து வீசியிருப்பார்கள்.

இவை எல்லாம் பொதுவில் இருப்பவை, வரிப்பணத்திலும் சங்கப் பணத்திலும் நடப்பவை. ஆகவே இவற்றைக் கேட்டுப் பெறலாம். நம் ஊர்களில் உடற்கல்வி ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளி எத்தனை, விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொது மைதானத்தில் காலனிப் பையன்கள் ஆடினால் சண்டை வரும் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கிய ஊராட்சி எத்தனை? கிராம சபையில் சாலை, குடிநீர் கேட்பது போல இதையும் கேட்க வேண்டும். காலனிக்குள் ஒரு மைதானம் என்று மட்டும் கேட்டால் போதாது. ஊருக்கும் காலனிக்கும் பொதுவான மைதானம், அதில் எல்லாருக்கும் உரிமை என்று கேட்க வேண்டும்.

குறிச்சியர் சமூகத்திலிருந்து சமீப ஆண்டுகளில் வேறு சிலரும் மேலே வந்திருக்கிறார்கள். ஸ்ரீதன்யா சுரேஷ் 2019-இல் குடிமைப் பணித் தேர்வில் 410-ஆவது இடம் பெற்று, கேரளப் பழங்குடிகளில் ஐ.ஏ.எஸ். ஆன முதல் பெண்ணானார். அப்போது மானந்தவாடி சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஓ.ஆர். கேளு 2024 ஜூனில் அமைச்சரானார். நிலமும் கல்வியும் ஓரளவு பிடித்திருந்த சமூகம் முதலில் மேலே வருகிறது. நிலமே இல்லாமல் பிணைக்கப்பட்டுக் கிடந்த பணியர், அடியர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பின்னால்தான் நிற்கிறார்கள். எனவே ஒரு மின்னு மணியைக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த பந்து வீச்சாளர் ஒரு பணியர் குடியிருப்பிலிருந்து வரும்போதுதான் வாசல் முழுதாகத் திறந்ததாக அர்த்தம்.

முச்சந்தியில் ஒரு பெயர்

வங்கதேசத் தொடருக்குப் பிறகு மானந்தவாடி நகராட்சி ஒரு முடிவு எடுத்தது. நகரில் மைசூர் சாலை பிரியும் சந்திப்புக்கு 'மின்னு மணி ஜங்ஷன்' என்று பெயர் வைத்தது. ஊருக்குள் தலைவர்களுக்கும் சாமிகளுக்கும் மட்டுமே கிடைக்கும் மரியாதை அது. உயிரோடு இருக்கும், அதுவும் 24 வயதான, ஒரு பழங்குடிக் கூலித் தொழிலாளியின் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அதே மானந்தவாடி. பக்கத்திலேயே வள்ளியூர்க்காவு. பழங்குடிகளின் உழைப்புக்கு ஆண்டுதோறும் விலை பேசிய திடல் ஒரு பக்கம். ஒரு பழங்குடிப் பெண்ணின் பெயரைச் சொல்லி இறங்கும் பேருந்து நிறுத்தம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். அதைக் கடக்க அந்த மக்களுக்கு எத்தனையோ தலைமுறை பிடித்தது.

படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மின்னு மணி முதலில் ஆடியது புல்வெளி மைதானத்தில் அல்ல. உங்கள் ஊரிலும் அறுவடை முடிந்த வயல் இருக்கும். பந்தை எடுங்கள், தங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வயலில் ஆடும் பிள்ளை வயலோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.